வீட்டில் மாற்றியமைத்த மின்காரைக் குறைந்த உமிழ்வு ரலியில் சேர்ப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

குறைந்த உமிழ்வு வாகன ரலிகளில் குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், ஆகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு, வீதி ஒழுங்கு எதையும் மீறாமல் முடிக்கும் காருக்கே வெற்றி கிடைக்கிறது. ஆகவேதான், பழைய பெற்றோல் காரின் இயந்திரத்தைக் கழற்றி அதன் இடத்தில் மின்மோட்டர் பொருத்திய ஒருவர், தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய மின்காருக்கு ஈடுகொடுத்து நிற்கக்கூடிய மிகச் சில களங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்களுக்கு மின்காரின் மீது ஆர்வம் எழுந்தது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 2020 முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், கையிலிருக்கும் பழைய காரையே மாற்றியமைக்கும் எண்ணமும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவ்வாறு மாற்றிய காரை, அல்லது மாற்றத் தொடங்கியிருக்கும் காரை, ரலி ஒன்றின் தொடக்கக் கோட்டில் நிறுத்துவதற்கு எவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இத்தகைய ரலிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவிற்சர்லாந்தில் 1985இல் நடந்த டூர் டி சோல் சூரியசக்தி வாகனங்களுக்கானது. அதே பெயரை ஏற்று அமெரிக்காவில் நடந்த ஓட்டங்களில் மாணவர்களும் தனியாட்களும் தாமே மாற்றியமைத்த கார்களுடன் பங்கெடுத்தார்கள். 2011இல் பாரிசிலிருந்து பிராக் வரை நடந்த வேவ் ஓட்டத்திலும் பலவகை மின்வாகனங்கள் ஒன்றாகப் பயணித்தன. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. இன்று நடத்தும் ஈகோ ரலிக் கிண்ணத்தில், நேர ஒழுங்கும் மின்நுகர்வும் சேர்த்தே புள்ளியிடப்படுகின்றன. அந்தப் புள்ளியிடும் முறையையே சிறிய ரலிகளும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

விதிப்புத்தகம் முதலில், ஸ்பானர் பிறகு

ரலி அறிவிப்பைக் கண்டவுடன் விண்ணப்பத்தை நிரப்பாமல், போட்டி விதிகளை முழுமையாகக் கேட்டு வாங்கி இரண்டு முறை வாசியுங்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது வாகனப் பிரிவு. சில ரலிகள் தொழிற்சாலையில் தயாரான மின்கார்களை மட்டுமே ஏற்கும், சில ரலிகள் மாற்றியமைத்த வாகனங்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும். தனிப் பிரிவு பற்றி விதியில் ஒன்றும் எழுதப்படாவிட்டால், காரின் விபரங்களைத் தெரிவித்து ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் விடை பெறுங்கள். தொலைபேசியில் ஒருவர் “பிரச்சினையில்லை, கொண்டுவாருங்கள்” என்று சொல்வதை, ரலிக்கு முன் காரைச் சோதிக்கும் பரிசோதனை மேசையில் காட்ட முடியாது.

அடுத்ததாக, உமிழ்வை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். காரின் புகைக்குழாயை மட்டும் கணக்கில் எடுத்தால் எல்லா மின்கார்களும் பூச்சியமே. எனவே பெரும்பாலான ரலிகள் 100 கிலோமீற்றருக்கு எத்தனை கிலோவாற்று மணி செலவானது என்றே பார்க்கின்றன. அந்த அளவு காரின் பற்றரியில் எடுக்கப்படுகிறதா, மின்னேற்றும்போது சுவரிலுள்ள மானியில் எடுக்கப்படுகிறதா என்பது மிக முக்கியம். சுவரில் அளந்தால் மின்னேற்றியின் இழப்பும் உங்கள் கணக்கில் ஏறும், மலிவான மின்னேற்றிகளில் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதும் உண்டு. பெற்றோல் கார்களும் கலப்பின கார்களும் சேர்ந்து ஓடும் ரலியாயின், மின்சாரத்துக்கு எந்தக் காபனீரொட்சைட்டுக் காரணியை, அதாவது ஒரு கிலோவாற்று மணிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கை, பயன்படுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பதால், லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 128 கிராமை விடுகிறது. உங்கள் கார் ஒப்பிடப்படுவது இத்தகைய எண்களோடுதான்.

பத்திரங்கள்

வீதியில் ஓடும் ரலிக்கு வீதியில் ஓடத் தகுதியுள்ள கார் தேவை. இலங்கையில் வாகனத்தின் பதிவு விபரங்களில் எரிபொருள் வகையும் இயந்திர இலக்கமும் அடங்கியிருப்பதால், இயந்திரத்தைக் கழற்றுமுன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை அணுகி, மாற்றத்துக்கு எந்தெந்த ஆவணங்களும் பரிசோதனைகளும் வேண்டும் என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும். கழற்றிய இயந்திரத்தை உடனே விற்றுவிடாதீர்கள், அதன் இலக்கத்தை எவரேனும் பார்க்கக் கேட்கலாம். மோட்டரையும் பற்றரியையும் எங்கே வாங்கினீர்கள் என்பதற்கான பற்றுச்சீட்டுகள், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள், மின்சுற்று வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். அதே கோப்பு பின்னர் ரலிப் பரிசோதகருக்கும் பயன்படும்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெரும்பாலான காப்புறுதிகள் போட்டி ஓட்டங்களை உள்ளடக்குவதில்லை என்பதால், ரலி நாளுக்கான காப்பு ஏற்பாட்டாளரிடம் உண்டா என்பதையும் கேளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரமும் பிரதேச செயலகத்தில் பெறும் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் ரலி நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும். இவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

பற்றரியும் பாதுகாப்பும்

நம் நாட்டில் நிசான் லீஃப் கார்கள் கணிசமாக இறக்குமதியானதால், வீட்டு மாற்றங்களுக்கு அவற்றின் பழைய பற்றரிகள் கிடைக்கின்றன. முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாற்று மணிப் பற்றரியில், சில மின்கலங்களை ஒன்றாக அடைத்த 48 தொகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றும் 4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான நிறையுடையது. மாருதி 800 போன்ற, ஏறத்தாழ 650 கிலோகிராம் நிறையுள்ள காருக்கு இவற்றில் 24 போதும் என்பது என் கருத்து. இரண்டிரண்டாகச் சமாந்தரமாக இணைத்த 12 சோடிகளைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 90 வோல்ற்று கிடைக்கும், நிறையோ 90 கிலோகிராமை ஒட்டியே இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த 24 தொகுதிகளும் புதியனவாக இருந்தபோது 12 கிலோவாற்று மணியைத் தாங்கின. லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. நம் வெப்பத்தில் சில ஆண்டுகள் ஓடிய தொகுதிகளில் முன்பிருந்த கொள்ளளவில் 70 வீதம் எஞ்சியிருந்தால் அது நல்ல தொகுதி. அப்படியானால் கையிலிருப்பது 8.4 கிலோவாற்று மணி. அதில் 20 வீதத்தைத் தொடாமல் ஒதுக்கினால் 6.7 எஞ்சும். சிறிய கார் ஒன்று கிலோமீற்றருக்கு 120 வாற்று மணி எடுக்கும் என்று கொண்டால், நம்பிக்கையாக ஓடக்கூடிய தூரம் 56 கிலோமீற்றர். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்ப அது தாராளமாகப் போதும். குச்சவெளிக்குப் போய்த் திரும்பப் போதாது. ரலியின் மின்னேற்றும் தரிப்பிடங்களுக்கு இடையிலான தூரத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் கொள்ளளவை நம்பாமல், ஒவ்வொரு தொகுதியையும் முழுமையாக மின்னேற்றி, தெரிந்த சுமையொன்றில் இறக்கி, கிடைத்த அம்பியர் மணியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். தொடரிலுள்ள மிக நலிந்த சோடியே முழுப் பற்றரியின் எல்லையையும் தீர்மானிக்கும்.

மின்கலங்களைத் தனித்தனியே கண்காணிக்கும் பி.எம்.எஸ். சாதனம் இல்லாத லிதியம் பற்றரியை எந்தப் பரிசோதகரும் ஏற்கக் கூடாது, நீங்களும் அதில் ஏறக் கூடாது. லீஃப் வகைக் கலங்கள் 4.2 வோல்ற்றைத் தாண்டினாலும் ஆபத்து, மிகத் தாழ்ந்தாலும் கெட்டுப்போகும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அவற்றின் வோல்ற்றளவு நெடுநேரம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பதால், வோல்ற்றுமானியைப் பார்த்து மீதி மின்னேற்றத்தை மதிப்பிட முடியாது. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷன்ட் மானி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நேரோட்டத்தில் 60 வோல்ற்றுக்கு மேற்பட்டதைச் சர்வதேச வாகன விதிகள் உயர் வோல்ற்றளவாகவே கருதுகின்றன, அத்தகைய கம்பிகள் செம்மஞ்சள் நிற உறையில் இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டுப் பலகையில் இருக்கும் சாதாரண பியூசையோ பிரேக்கரையோ கொண்டுவந்து பற்றரிக்குப் போடும் பழக்கம் மிக ஆபத்தானது. வீட்டிலுள்ள ஆடலோட்டம் ஒவ்வொரு விநாடியும் பலமுறை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைகிறது. நேரோட்டத்தில் அந்த இடைவெளி கிடையாது, பொறி வில்லாக நீண்டு தொடர்ந்து எரியும். ஆகவே நேரோட்டத்துக்கென்றே, உங்கள் வோல்ற்றளவுக்கென்றே தரப்படுத்தப்பட்ட பியூசைப் பற்றரியின் முனைக்கு அருகில் வையுங்கள். அதன் பின்னால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஆளியான கொன்டக்டரும், மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரின் கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்களை) மெல்ல நிரப்பும் முன்மின்னேற்றத் தடையும், கையால் பிடுங்கக்கூடிய துண்டிப்பானும் வரட்டும். சாரதி இருக்கையிலிருந்து எட்டக்கூடியதும் காருக்கு வெளியிலிருந்து எவரும் அழுத்தக்கூடியதுமான அவசரத் துண்டிப்பு ஆளிகளையும் பொருத்துங்கள்.

பற்றரியின் எந்த முனையும் காரின் உடலைத் தொடக் கூடாது. பற்றரிக்கும் காரின் உடலுக்கும் இடையிலான மின்தடையே காவல் தடை. விதிகள் கேட்கும் ஆகக் குறைந்த காவல் தடை நேரோட்டத்துக்கு வோல்ற்றுக்கு 100 ஓம், அதாவது 100 வோல்ற்றுப் பற்றரிக்கு 10,000 ஓம். ஒழுங்காகக் கட்டிய காரில் இது மெகா ஓம் கணக்கில் இருக்கும். கடலோரத்தில் வாழும் நமக்கு இந்த அளவீடு மற்றவர்களைவிட முக்கியம். உப்புக்காற்று இணைப்புகளில் பச்சைப் படிவத்தை ஏற்படுத்துகிறது, அந்தப் படிவம் தடையைக் கூட்டி முனையைச் சூடாக்குகிறது. வெள்ளீயம் பூசிய முனைகளையே வாங்கி, அழுத்தி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். காவல் தடையை மழைக்குப் பின்னரும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

பற்றரிப் பெட்டியைப் பலகையில் வைத்து நாடாவால் கட்டுவது போதவே போதாது. அவுஸ்திரேலியாவின் மின்வாகன மாற்ற நெறிகள், முன்பக்க மோதலில் பற்றரி தன் நிறையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்கி நிற்க வேண்டும் என்கின்றன. 90 கிலோகிராம் பற்றரிக்கு அது 1.8 தொன். உருக்குச் சட்டம் செய்து, காரின் அடிச்சட்டத்தோடு போல்ற்று போட்டு இறுக்குங்கள். பெட்டி பயணிகள் அறைக்கு மூடியதாகவும் வெளியே காற்றுப்போக்கு உள்ளதாகவும் அமைய வேண்டும். பிரேக் மிதியை அழுத்த உதவும் பூஸ்டர் இயந்திரத்தின் வெற்றிடத்தால் இயங்கிய கார்களில், இயந்திரம் போனதும் அந்த உதவியும் போய்விடும். மின் வெற்றிடப் பம்பி ஒன்றைப் பொருத்தாமல் வீதிக்கு இறங்காதீர்கள்.

வேலை செய்யும்போது மோதிரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி, உரிய காவல் கையுறை அணிந்து, ஒருவர் அருகில் இருக்கையில் மட்டும் பற்றரியைத் தொடுங்கள். தனியே, இரவில், களைப்போடு செய்யக் கூடாத வேலை இது.

நம் வீதிகளில் அளந்து பார்த்தல்

ரலியில் புள்ளிகளைத் தேடித்தருவது இந்தப் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நல்ல மோட்டரை எவரும் வாங்கலாம். தன் கார் எந்த வேகத்தில், எந்தக் காற்றில், எத்தனை பேரோடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அளந்து எழுதி வைத்திருப்பவர் சிலரே.

முதற்கட்டமாக உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு வழியாக நிலாவெளி வரையான வீதியைப் பயன்படுத்தலாம். அது பெரும்பாலும் சமதரை, வீடும் அருகில், நின்றுவிட்டால் இழுத்து வரவும் எளிது. அதிகாலையில், ஒரே ரயர் அழுத்தத்தோடு, மணிக்கு 30, 40, 50 கிலோமீற்றர் என்று வேகத்தை மாற்றி மாற்றி ஓடி, ஒவ்வொரு வேகத்திலும் கிலோமீற்றருக்குச் செலவான வாற்று மணியைக் குறியுங்கள். காற்றுத்தடையால் கிலோமீற்றருக்குச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 50இலிருந்து 70க்கு ஏறும்போது அந்தப் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மிக மெதுவாக ஓடினாலும் விளக்கு, பம்பி, கொன்ட்ரோலர் ஆகியவை நேரத்தைப் பொறுத்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். எனவே உங்கள் காருக்கென்று ஒரு சிக்கன வேகம் இருக்கிறது, அதை அளந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது கட்டத்தில் கந்தளாய் வீதிக்குப் போங்கள். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தென்மேற்கே செல்லும் இந்த வீதி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நல்ல பரிசோதனைக்களம். போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். இரு திசைகளிலும் ஒரே வேகத்தில் ஓடி அளந்தால், எதிர்காற்று உங்கள் தூரத்தில் எவ்வளவை விழுங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். மேலே சொன்ன அளவுப் பற்றரியோடு போவோர் கந்தளாயில் மின்னேற்ற அனுமதி பெற்ற இடம் ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். கந்தளாயைக் கடந்து ஹபரணைப் பக்கம் மாலைக்குப் பின் பரிசோதனை ஓட்டம் வேண்டாம், அங்கே யானைகள் வீதிக்கு வரும். நகருக்குள்ளும் கவனம் வேண்டும். நம் ஊர் மான்களும் மாடுகளும் இயந்திரச் சத்தம் கேட்டு விலகப் பழகியவை, மின்கார் அருகில் வருவதை அவை அறிவதில்லை.

ஏற்றத்துக்கு உவர்மலை வீதியில் நின்று கிளம்பிப் பாருங்கள். கொன்ட்ரோலர் சூடாகி வலுவைக் குறைக்கிறதா என்பது அங்கே தெரியவரும். ரலி மலைநாட்டில் நடப்பதானால் கணக்கு முற்றாக மாறும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1,000 கிலோகிராம் நிறையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 1.4 கிலோவாற்று மணி தேவை. சமதரையில் 11 கிலோமீற்றருக்கு மேல் ஓடப் போதுமான ஆற்றல் அது. இறக்கத்தில் ஒரு பகுதியை மீட்கும் மீள்பிறப்பு பிரேக் உங்கள் மோட்டரில் உண்டா என்று பாருங்கள். பாரந்தூக்கி வண்டிகளிலிருந்து எடுக்கும் பழைய தொடர்ச்சுற்று மோட்டர்களில் பொதுவாக அது கிடையாது.

செலவில்லாமல் கிடைக்கும் சிக்கனங்களும் சில உண்டு. நான்கு சக்கரங்களையும் ஜக்கில் உயர்த்திக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் உரசும் சக்கரம் உடனே நின்றுவிடும், அதைச் சரிசெய்தாலே நுகர்வு குறையும். சக்கர நேர்மையை (வீல் அலைன்மென்ட்) பார்ப்பதும், ரயரில் உற்பத்தியாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் உயர்ந்த அழுத்தத்தைப் பேணுவதும், தேவையற்ற பாரத்தை இறக்குவதும் அதுபோன்றவையே.

வீட்டில் மின்னேற்றும்போது

15 அம்பியர் செருகியில் 13 அம்பியர் எடுத்தால் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3 கிலோவாற்று கிடைக்கும், 6 முதல் 7 கிலோவாற்று மணியை நிரப்ப இரண்டரை மணித்தியாலம் செல்லும். பழைய வீடுகளின் கம்பியும் செருகியும் இவ்வளவு நேரத் தொடர்ச் சுமைக்குப் போட்டவை அல்ல. தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு தனிச் சுற்று இழுத்து, புவித்தொடுப்பைச் சோதித்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். உமிழ்வைக் குறைக்கும் ரலிக்குத் தயாராகும் ஒருவர் அந்த வேளையைத் தவிர்த்து நள்ளிரவுக்குப் பின் மின்னேற்றுவதே முறை. கூரையில் சூரியத்தகடு உள்ளவர்களுக்குப் பகல் நேரமே சிறந்தது.

நேரக் கணக்கும் வழிகாட்டியும்

சாரதியோடு அமரும் வழிகாட்டி வாகனத்துக்குப் பாரமல்லர், பாதிப் போட்டி அவர் கையில் இருக்கிறது. ரலியில் தரப்படும் பாதைக் குறிப்பேட்டில் திருப்பங்களும் இடைத்தூரங்களும் இருக்கும். குறித்த நேரத்துக்கு முன்னர் வந்தாலும் பின்னர் வந்தாலும் தண்டப் புள்ளி விழும். சராசரி வேகம் 40 கிலோமீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு 90 விநாடி, 36 என்றால் 100 விநாடி. இத்தகைய அட்டவணையை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். காரின் தூரமானியை வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களோடு ஒப்பிட்டுத் திருத்தக் காரணியைக் கண்டுபிடியுங்கள். 10 கிலோமீற்றருக்கு 10.2 காட்டும் மானியை அப்படியே நம்பினால், நீண்ட பாதையில் நீங்கள் நிமிடக் கணக்கில் தவறுவீர்கள். வீட்டாரில் ஒருவரை இதற்குப் பழக்குவது நல்லது. நிதானமாகக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த தங்கையோ மகளோ, ஓட்டத்தில் தேர்ந்த நண்பரைவிட இங்கே பயன்படுவார்.

ரலி நாள்

போட்டி கொழும்பிலோ வேறு தூர ஊரிலோ நடந்தால், கார் அங்கே தானாக ஓடிச் சேராது. லொறியில் ஏற்றுமுன் பற்றரித் துண்டிப்பானைப் பிடுங்கி, திறப்போடு சேர்த்து உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முந்திச் சென்று சேர்ந்தால் அதிர்வில் தளர்ந்த முனைகளை இறுக்க நேரம் கிடைக்கும்.

பரிசோதகர் பொதுவாக விளக்கு, பிரேக், இருக்கைப் பட்டி ஆகியவற்றில் தொடங்கி, பற்றரிப் பெட்டியின் பிணைப்பு, கம்பிகளின் பாதுகாப்பு, அவசர ஆளி, தீயணைப்பான் என்று வருவார். அவசர ஆளியை அவர் முன்னிலையில் அழுத்திக் காட்டத் தயாராக இருங்கள். காருக்கு வெளியே பற்றரியின் வோல்ற்றளவையும் துண்டிப்பான் உள்ள இடத்தையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். விபத்து நேர்ந்தால் முதலில் ஓடி வருபவர் யாரென்று சொல்ல முடியாது. சிறிய தீயணைப்பான் மின்கம்பித் தீயின் தொடக்கத்துக்கு உதவும். லிதியம் பற்றரியே பற்றிக்கொண்டால் ஆட்களை விலக்கி, தீயணைப்புப் படையை அழைத்து, நிறைய நீரால் குளிர்விப்பதுதான் வழி.

பல ரலிகளில் மின்னேற்றும் வாயை முத்திரையிட்டுவிடுவார்கள். அதற்குமுன் மானியின் எண்ணை அதிகாரியோடு சேர்ந்து வாசித்து, இருவரும் கையொப்பமிடுங்கள். ஓட்டத்தில் கிலோமீற்றருக்கு எத்தனை வாற்று மணி என்ற உங்கள் திட்டத்தைப் பற்றிக்கொண்டு ஓடுங்கள், மற்றவர் முந்தினால் முந்தட்டும். நகர்ப்புறத்தில் 50, வெளியே 70 என்ற சட்ட வேகங்கள் ரலிக்காரருக்கும் பொருந்தும். மின்கலம் ஒன்றின் வோல்ற்றளவு மற்றவற்றைவிட விரைவாக இறங்குவதை பி.எம்.எஸ். காட்டினால், புள்ளி போனாலும் ஓரமாக நிறுத்தி ஏற்பாட்டாளரை அழைப்பதே சரி.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உடனே மின்னேற்றாமல், அதிகாரி அளவெடுக்கும்வரை காத்திருங்கள். முடிவுப் பட்டியலில் உங்கள் நுகர்வு எண் உங்கள் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் விதியில் சொன்ன கால எல்லைக்குள் எழுத்தில் முறையிடுங்கள். ஊர் திரும்பியபின் காரைச் சில வாரம் நிறுத்துவதாயின் பற்றரியை முழுமையாக நிரப்பாமல் பாதியளவில் விட்டு, நிழலில் நிறுத்தி, இணைப்பு முனைகளில் உப்புப் படிவம் உண்டா என்று திறந்து பார்த்துத் துடைத்து வையுங்கள்.